அமுக்கிக் கட்டிய கதவு

அவன் மனைவி அன்று காலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வெளியூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும். "நான் போகட்டுமா, வேணாமா?" என்றாள்.

பல் துலக்கிக்கொண்டிருந்தவன் "ம்" என்றான்.

"பிரஷ்ஷை எடுத்துட்டுச் சொல்லுங்க."

எடுத்தான். வாய் கொப்பளித்தான். துண்டால் முகத்தை நிதானமாகத் துடைத்தான். பிறகு "ம்" என்றான்.

அவள் கதவில் சாய்ந்து அவனையே பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க ம்மைப் பிரிச்சுப் பிரிச்சு நான்தான் அர்த்தம் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்த ஒரு தடவை என்னால முடியாதுங்க. சாயங்காலம் பையோட உங்க ஆபீஸ் வாசலுக்கு வரேன். போன்னு சொன்னா பஸ் ஏறுறேன். வேணாம்னா வீட்டுக்குத் திரும்பிடறேன். வாயத் தொறந்து முழுசா சொல்லணும். சீட்டுல எழுதி நீட்டுற வேலையெல்லாம் வேணாம்."

அவன் தலையாட்டினான். தலையாட்டியதிலும் எந்தப் பக்கம் என்று தெளிவில்லை.

பேச்சை வீணாக்குவது அவனுக்குப் பிடிக்காது. சொல்ல வேண்டியது எல்லாம் அந்த ஒரு ஒலிக்குள் பத்திரமாக இருக்கிறது, எதுவும் குறையவில்லை, கேட்பவர்கள் பிரித்துப் பார்த்தால் போதும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தான். அன்று அலுவலகத்துக்கு நடந்து போகும்போது அந்த நம்பிக்கை செருப்புக்குள் புகுந்த மணல் போல லேசாக உறுத்தியது.

அலுவலகத்தில் அவனுக்கு அரைச்சொல் என்று பெயர். தகரம் வெட்டும் பட்டறையை ஒட்டிய கட்டடம். அங்கே கதவுகளைப் பூட்டித் திறக்கும் சின்னச் சின்ன மின்பலகைகளைச் செய்தார்கள். பிஸ்கட் அளவுப் பலகை. அதற்கேற்ற பொடி நினைவகம். கதவுக்குள் போக வேண்டிய கோப்புகளைக் கட்டி, அமுக்கி, அந்த பிஸ்கட்டுக்குள் அடக்குவதுதான் அவன் வேலை.

முதலாளியம்மாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. "நம்ம சரக்கை நாமளே நம்பலன்னா ஊரு எப்படி நம்பும்?" என்பார். அதனால் புதிதாக எது செய்தாலும் முதலில் அலுவலக வாசல் கதவில்தான் மாட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கதவில் சாவித் துவாரம் இருப்பது தன் பொருளுக்கே அவமானம் என்று சொல்லி, அதை ஈயம் ஊற்றி அடைக்கச் செய்திருந்தார். அடைத்த பையனுக்கு அன்றிலிருந்து ஈயம் என்றே பெயர். மின்சாரம் போனாலும் பூட்டு விடாதபடி பேட்டரி வைத்திருந்தார். செல்போன் அலை பலகைகளைக் கெடுக்கும் என்று எல்லோருடைய போனையும் வாசலுக்கு வெளியே ஒரு பெட்டியில் போட வைத்தார். பின்கதவை, வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பலகைகளின் அட்டைப்பெட்டிகள் கூரைவரை மறைத்திருந்தன.

இப்போது கதவுக்குப் புதிய நிரல் தயாராகியிருந்தது. கூடவே முதலாளியம்மா தன் சொந்தக் குரலில் பதிவு செய்த நீண்ட வரவேற்புரை. "இந்தக் கதவு உங்களை மதிக்கிறது" என்று தொடங்கி, கதவின் வரலாறு, கொள்கை, எதிர்காலத் திட்டம் என்று போகும் அது. அதையும் சேர்த்து உள்ளே அடக்க எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்று கூட்டம் போட்டார்கள்.

"டார்னா என்ன தம்பி?" என்றார் முதலாளியம்மா, கருவிகளின் பட்டியலைப் பார்த்து.

"கட்டும். அமுக்காது" என்றான் அவன்.

"ஜிசிப்?"

"அளவா அமுக்கும்."

"அந்த எக்ஸ்இசட்?"

"பிழிஞ்சிரும்."

"அண்ணன் இன்னைக்கு நெறைய பேசிட்டாரு. சோடா வாங்கிக் குடுங்கம்மா" என்றான் ஈயம்.

பிழிவதே முடிவாயிற்று. அவன் எக்ஸ்இசட்டை அதன் உச்ச அளவான ஒன்பதில் வைத்துப் பிழிந்தான். வரவேற்புரை மொத்தமும் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது. அதைப் பிரிக்கும் கருவிக்குப் பலகையில் இடம் போதாமல், ஜிசிப்பைப் பிரிக்கும் கருவியைத் தூக்கி எறிந்தான். அவன் மேசைக் கணினியில் கட்டு அழகாகப் பிரிந்தது. அவனுக்கு உள்ளுக்குள் ஒரு மௌனமான கர்வம்.

முதலாளியம்மா நினைவக அட்டையை வாங்கித் தபால் தராசில் வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். "எடை அப்படியே இருக்கே தம்பி."

அவன் விளக்கலாமா என்று யோசித்தான். விளக்க நிறைய வார்த்தை தேவைப்படும். சும்மா இருந்துவிட்டான்.

"அம்மா, பாட்டுப் பாடினா ரேடியோ எடை கூடுமா?" என்றான் ஈயம்.

"கூடாதுதான். அதுக்காக, இவ்வளவு பிழிஞ்ச பிறகு கொஞ்சமாவது குறைய வேணாமா?"

கதவின் பலகை வெளிச்சுவரில் இருந்தது. பழுது பார்க்க வருபவர் உள்ளே வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்பது முதலாளியம்மாவின் யோசனை. திருடனுக்கும் அதே வசதி என்று ஈயம் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அரைச்சொல் வெளியே போய் அட்டையைச் செருகிவிட்டு உள்ளே வந்தான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

"வணக்கம். உள்ளே வாருங்கள்" என்றது பழைய குரலில். ஒரு கணம் அமைதி. எதையோ விழுங்கப் பார்த்துத் திணறியதுபோல் கரகரத்தது. அணைந்தது. மறுபடி உயிர் பெற்றது. "வணக்கம். உள்ளே வாருங்கள்."

"உள்ளதான இருக்கோம்" என்றார் முதலாளியம்மா.

கதவு திறக்கவில்லை. திணறியது, அணைந்தது, எழுந்தது, உள்ளே வரச் சொன்னது. ஈயம் தள்ளினான், இழுத்தான். மின்சாரத்தை நிறுத்தினார்கள். பேட்டரி பெருமையோடு வேலை செய்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்தான். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. ஒன்பதில் பிழிந்த கட்டைப் பிரிக்கும் கருவி, கட்டு எத்தனை சிறியது என்று பார்ப்பதே இல்லை. கைக்குட்டையை விரிக்கவும் முதலில் நினைவகத்தில் ஒரு மைதானத்தைக் கேட்கும். அவன் கணினியில் மைதானங்கள் கிடந்தன. கதவிடம் இருந்ததோ அதில் பாதி. மைதானம் கிடைக்காமல் கதவு மயங்கி விழுகிறது; எழுந்ததும் தன் கடமை நினைவுக்கு வந்து மறுபடி பிரிக்கப் பார்க்கிறது.

அமுக்குவது அமுக்குகிறவனுக்குச் சுலபம். பாரமெல்லாம் பிரிக்கிறவர் தலையில். இந்த எண்ணம் வந்ததும் அவனுக்குக் காலையில் கதவில் சாய்ந்து நின்றவளின் முகம் தெரிந்தது. நெடுநேரம் பேசாமல் இருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான் இருப்பான் என்பதால் மற்ற இருவரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கதவின் ஒலிபெருக்கியில் அவன் மனைவியின் குரல் வந்தது. கதவு எழுவதற்கும் திணறுவதற்கும் நடுவே இரண்டு மூச்சு நேரம் வெளியே இருப்பவரோடு பேச முடிந்தது.

"என்னங்க, வந்துட்டேன். சொல்லு—"

அணைந்தது. "வணக்கம். உள்ளே வாருங்கள்."

"வாங்கன்னுட்டுத் தொறக்காம இருந்தா எப்படி? யாருங்க இந்தம்மா, கிளிப்பிள்ள மாதிரி—"

முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. பழைய குரலும் அவருடையதுதான்.

கதவைத் திறக்க ஒரே வழி இருந்தது. வேறு அட்டையில் வேறு கட்டு. ஜிசிப்பில் கட்டினால் பிரிக்க ஆளில்லை. அவனே தூக்கி எறிந்திருந்தான். மிச்சம் இருந்தது டார். வெறுமனே கட்டும், அமுக்காது. அப்படிக் கட்டினால் நிரல் அடங்கும். வரவேற்புரை அடங்காது.

"அதை மட்டும் சொல்லாத தம்பி" என்றார் முதலாளியம்மா. "வெந்நீரா குடிச்சுக் குடிச்சுத் தொண்டையைப் பழக்கிப் பேசினது. அது இல்லாம இந்தக் கதவு தொறக்கறதுக்கு, நான் இங்கயே இருந்துடறேன்."

"நாங்களுமா?" என்றான் ஈயம்.

"கொள்கைன்னா எல்லாருக்கும்தான்."

அவன் எழுந்து அவர் எதிரே போய் நின்றான். "அம்மா, கதவு பேசாட்டிப் பரவால்ல. நான் பேசணும்" என்றான்.

அவன் இரண்டு வாக்கியங்களை முழுதாகச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. முதலாளியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, போ என்பதுபோல் கையை அசைத்தார்.

கட்டி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கதவடியில் இருந்த ரப்பரை ஈயம் கத்தியால் அறுத்தான். அந்த இடுக்கு வழியாகப் புது அட்டையை வெளியே தள்ளினார்கள். அடுத்தமுறை கதவு உயிர் பெற்றபோது அவன், "கீழ ஒரு அட்டை. சுவத்துப் பெட்டியில இருக்கறத எடுத்துட்டு இதப் போடு" என்றான்.

"கீழ கிடந்தத எடுத்துட்டேன். கையில இருக்கு. மொதல்ல பதில். அப்புறந்தான் அட்டை."

"வணக்கம். உள்ளே வாருங்கள்."

"அண்ணே, அண்ணி பலமான இடத்துல நிக்கிறாங்க" என்றான் ஈயம். "போ, இல்ல போகாத. ரெண்டுல ஒன்னு. ஒரு மூச்சு கூட வேணாம்."

அவன் வாயைத் திறந்தான். காலையில் சொன்ன ம்மை எடுத்துப் பிரித்துப் பார்த்தான். உள்ளே எது இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. போ என்பதும் இருந்தது. போகாதே என்பதும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பிழிந்ததில் எது எது என்று அடையாளம் போயிருந்தது. கட்டியவனுக்கே பிரிக்கத் தெரியாத ஒன்றை வருடக்கணக்காக அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். கதவு மூன்று நான்கு முறை மயங்கி எழுந்தது.

"பஸ் நேரம் ஆச்சுங்க" என்றது ஒலிபெருக்கி.

ஒரே மூச்சில் அடங்காது என்று புரிந்தது. துண்டு துண்டாகத்தான் அனுப்ப வேண்டும்.

"ஒன்னு. நீ போகணும். அந்த வேலை உனக்குன்னே இருக்கு."

அணைந்தது. எழுந்தது. "ரெண்டு" என்று தொடங்கிச் சொன்னான். பக்கத்துப் பட்டறையில் ஒரு முழுத் தகரம் கிறீச்சென்று கிழிந்து அவன் சொன்னதை விழுங்கியது. அடுத்த முறை, "மூணு. அதான் காலைல ம்னேன்" என்றான்.

"ஒன்னு கேட்டுது. மூணு கேட்டுது. நடுவுல உள்ளது எங்க?"

"தகரம்—"

"அது இல்லாம இது சேரலியே. போகச் சொல்ற ஆளு எதுக்கு ம்ங்கணும்? ரெண்டச் சொல்லுங்க."

முதலாளியம்மா பட்டறைப் பக்கத்துச் சுவரைத் தட்டி, "யோவ், கொஞ்சம் நிறுத்துய்யா! இங்க ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட பேசறான்!" என்று கத்தினார். அவர் குரல் கதவுகளுக்காகவே பழகிய குரல். வெட்டு எந்திரம் நின்றது.

"வணக்கம். உள்ளே வாருங்கள்."

"ரெண்டு" என்றான். "நீ போயிட்டா, நான் யாரோட பேசாம இருக்கறது?"

கதவு அணைந்தது. எழுந்து வரவேற்றது. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி எழுந்தது. ஒன்றும் இல்லை. ஈயம் நகத்தைக் கடித்தான். மற்றவர்கள் தன் மௌனத்துக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. நன்றாக இல்லை.

பிறகு சுவருக்குள் ஒரு சின்ன 'டிக்'. கதவு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திறந்தது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, வாயோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. "போறேன்" என்றாள். "மாசத்துக்கு ரெண்டு தடவை வருவேன். வந்து பேசாம உக்காந்திருப்போம்."

அவன் பையை வாங்கிக்கொண்டான். பேருந்து நிறுத்தம்வரை பேசினான். இரண்டாவது பகுதிக்குள்ளேயே வேறு பகுதிகள் இருந்தன போலும். அவள் நைட் டியூட்டி முடிந்து வரும் நாள்களில் தான் தூங்குவதுபோல் நடித்ததில் தொடங்கி, சமையலறை விளக்கை அவள் அணைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்ததுவரை வந்தபோது பேருந்து வந்துவிட்டது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஜன்னலடியில் நின்று பேசினான். வண்டி நகர்ந்தது. கூடவே நடந்து பேசினான். பிறகு ஓடிப்போய்ப் படியில் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

நடத்துநர் வந்து நின்றார். "உங்களுக்கு எங்க சார்?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எந்தத் தெரு என்று தெரியவில்லை.

"தெரியலீங்க" என்றான். "பேசிக்கிட்டிருக்கேன்."