பித்தளைத் துண்டு விழுந்த இடம்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் நான் சொன்ன ஒரு வாக்கியம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு வருஷமாக இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்குச் சுலபம்.

நீராவி எஞ்சினின் சிறு மாதிரி அது. உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் வாங்கி வைக்கிற பொம்மை இல்லை. ஒரு தட்டையான பெட்டியில் காகிதம் போல மெல்லிய பித்தளைத் தகடுகள் வரும். அமிலத்தால் அரித்தெடுத்த உறுப்புகள் அவற்றில் குட்டிக் குட்டிப் பாலங்களால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டி, அரம் போட்டு, மடித்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். செய்தவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "பித்தளைக்கு ஒரு மணம் உண்டு. அது சூடாகும்போது" என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட்டேன். பித்தளையின் மணத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அந்த மேஜைப் பக்கம் நான் உட்கார்ந்ததையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது.

இரண்டாவது வரைவு: "பல்செட் செய்கிற ஒருவர் இருந்தார்." இது பரவாயில்லை. அத்தான் பல்செட் செய்பவர்தான்.

மூன்றாவது வரைவில் அக்காவுக்குத் தம்பியே கிடையாது. மூன்றில் அதுதான் நன்றாக வந்தது.

2

ஆக, பல்செட் செய்கிற ஒருவர் இருந்தார்.

பல் மருத்துவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம். பகலெல்லாம் அடுத்தவர்களின் கடைவாய்ப் பற்கள், சாயங்காலம் எஞ்சின். "பகல்ல வாய்க்குள்ள போறது, சாயங்காலம் தண்டவாளத்துல போறது, ரெண்டையும் ஒரே கத்தியால செதுக்காதீங்க" என்பாள் அக்கா. பாலிஷ் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு மெல்லிய சத்தங்கள் மட்டும் கேட்காமல் போயிருந்தன. பேச்சு கேட்கும், கதவு தட்டினால் கேட்கும். ஊசி விழுந்தால் கேட்காது.

இந்த வேலையில் அது பெரிய இடைஞ்சல். கொதிகலனின் ஓரமாக ஓடும் கைப்பிடிக் கம்பியைத் தாங்க வரிசையாகக் குமிழ்கள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறிசு. இடுக்கியில் பிடித்துக்கொண்டே இருப்போம், திடீரென்று இருக்காது. தெறித்துப் போயிருக்கும். தரையில் விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தானுக்கு அது கேட்காது. "போச்சு" என்பார்.

அடுத்த அறையிலிருந்து அக்காவின் குரல் வரும். "பீரோ பக்கம். செவுத்துல பட்டுத் திரும்பியிருக்கு."

அங்கேதான் இருக்கும்.

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சிக் கூண்டில் நிற்பவர் முணுமுணுப்பதைக்கூட ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வது அவள் வேலை. நீதிபதியே சந்தேகம் வந்தால் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பாராம். வீட்டில் ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். கண் புத்தகத்தில், காது மேஜையில்.

[அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைத் தனி வாக்கியமாக எழுதினால் அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. அவர்கள் அதை அப்படிச் சுமந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால் அடைப்புக்குள்.]

3

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே சரிந்தாள்.

வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை அசையும், ஆனால் சொன்னபடி அசையாது. கையை அழுத்து என்றால் அழுத்த மாட்டாள், தலையை ஆட்டு என்றால் ஆட்ட மாட்டாள். கண்கள் மட்டும் அறையைச் சுற்றிவந்துகொண்டே இருக்கும். நாம் சொல்வது புரிகிறதா என்று அத்தான் கேட்டதற்கு மருத்துவர், "இப்ப உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

உறவுக்காரர்கள் அதை, "ஒண்ணும் புரியாதாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மருத்துவர் சொன்னதிலிருந்து அந்த 'உறுதியா' எப்போது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. உதிர்த்தவர்களில் நானும் ஒருவன்.

அத்தான் வேலையை விட்டார். எஞ்சின் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஒரு தாதிப்பெண் காலையில் வந்து மதியம் போவாள். மற்றதெல்லாம் அவர்தான். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது.

ஐந்தாம் மாதம்

[இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். திரும்ப வைப்பேன்.]

4

ஆறாம் மாதம் அத்தான் மேஜையை இழுத்துவந்து அக்காவின் கட்டிலுக்கு எதிரே போட்டார். எஞ்சின் மேல் ஆசை திரும்பியதால் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று தாதிப்பெண்ணிடம் சொன்னாராம்.

இனி வருவதை அத்தான் என்னிடம் நாலே வரியில் சொன்னார். நான் நீட்டுகிறேன். நீட்டுகிற இடங்களில் தப்பு இருந்தால் அது என்னுடையது.

நாலைந்து நாள் அமைதியாகப் போயிற்று. ஒரு மாலை மூன்றாவது குமிழை இடுக்கியில் எடுத்தார். அடுத்த நொடி காணோம்.

"போச்சு" என்றார், பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் அடுத்த அறையிலிருந்து யாரும் பதில் சொல்லப்போவதில்லை என்பது உறைத்தது. இடுக்கியை வைத்தார். உட்கார்ந்தபடியே கட்டிலைப் பார்த்தார்.

அக்காவின் கண்கள் கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி, கதவுக்கு இந்தப் பக்கம், தரையில் ஓரிடத்தில் நின்றிருந்தன. சுற்றவில்லை. அவர் பார்ப்பதை உணர்ந்ததும் அவர் முகத்துக்கு வந்து, மறுபடி அதே இடத்துக்குப் போயின.

அவர் போய்க் குனிந்தார். அங்கே அவருடைய ரப்பர் செருப்பு கிடந்தது. செருப்புக்குள், குதிகால் பள்ளத்தில், குமிழ்.

[இந்த இடத்தில் அவரை அழவைத்தேன். பிறகு அழித்தேன். கேட்டேன், "அழுதீங்களா அத்தான்?" "இல்ல தம்பி. ஒருவேளை தற்செயலா இருக்குமோன்னு பயந்துட்டேன். அதனால இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்றார்.]

இன்னொரு தடவை போட்டார், அவள் தலைக்குப் பின்னால், அவள் பார்க்க முடியாத பக்கம். கண்கள் அங்கே போக முயன்று, முடியாமல், அந்தப் பக்கத்து ஓரத்தில் போய் முட்டி நின்றன. மூன்றாம் தடவை போடுவதாகக் கையை வீசிவிட்டுப் போடாமல் இருந்தார். கண்கள் நேராக அவர் முகத்துக்கு வந்தன. அதில் இருந்தது எரிச்சல் என்கிறார். முப்பது வருஷம் பார்த்த எரிச்சலாம், அடையாளம் தெரியாமல் போகாதாம்.

"சரி, சரி. கோவிச்சுக்காத" என்றார்.

5

அதற்குப் பிறகு அந்த அறையில் பேச்சு தொடங்கியது. ஜன்னலைப் பார்த்தால் ஆமாம், கதவைப் பார்த்தால் இல்லை. தாதிப்பெண் முதல் வாரம் முழுக்க, இவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருக்கிறாள். பிறகு அவளும் கேட்க ஆரம்பித்தாள்.

அந்த நீல விரிப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆறு மாதம் அதில்தான் படுத்திருந்தாள். டீயில் சர்க்கரை போதாது. வலது தோளைத் தொட்டுத் தூக்கினால் வலிக்கிறது. எஞ்சினுக்குக் கறுப்பு அடிக்கவா என்று கேட்டால் கதவு. பச்சை அடிக்கவா என்றால் கதவு.

"அப்ப என்னதான் அடிக்கிறது?"

கண்ணை மூடிக்கொண்டாளாம். அது உங்கள் பாடு என்று அர்த்தம்.

இதற்காகவே எஞ்சின் வேலை மெதுவாக நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு உறுப்பு. சில நாள் அவர் வேண்டுமென்றே எதையாவது தவறவிடுவார். அவளுக்கும் அது வேண்டுமென்றே என்று தெரியும். தெரிந்தும் காட்டுவாள்.

நாலு மாதம் இப்படி.

6

அந்தக் குமிழ் கிடைத்த மறுநாளே அத்தான் எனக்குப் போன் செய்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"தம்பி, அவளுக்கு எல்லாம் புரியுது. எல்லாமே கேக்குது. முதல்லேருந்தே கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கா."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. "அப்படியா அத்தான்" என்றேன். நல்லது என்றேன். போனை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

எடுத்துவைத்த பத்தியை இங்கே வைக்கிறேன். வேறெங்கும் அது நிற்க மாட்டேன் என்கிறது.

ஐந்தாம் மாதம் அக்காவைப் பார்க்கத் தம்பி வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. அத்தான் அக்காவின் இடது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். தம்பிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அலமாரியில் இருந்த மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர்களைப் படித்தான். ஒரு புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்:

"இப்படிக் கெடக்கறதுக்கு அக்கா அன்னைக்கே போயிருக்கலாம் அத்தான். அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் விடுதலை."

நகவெட்டி நின்றது.  அத்தான் மிச்சமிருந்த இரண்டு விரல்களையும் முடித்துவிட்டு, "வா, வெளியில உட்காரலாம்" என்றார்.

[பரிவில் சொன்னேன் என்று ஒரு வரி இருந்தது. பரிவுதான். ஆனாலும் அந்த வரியை எடுத்துவிட்டேன். சாட்சி தன் நோக்கத்தைப் பற்றிச் சொல்வதையும் அக்கா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வாள்தான். ஆனால் சொன்ன சொல் அதனால் மாறாது.]

7

நாலு மாதமும் நான் போகவில்லை. முதலில் வேலை இருந்தது. பிறகு எனக்குக் காய்ச்சல், நோயாளி இருக்கிற வீட்டுக்கு எப்படிப் போவது என்றேன். அதற்குப் பிறகு காரணம் எதுவும் அகப்படவில்லை. அப்போதும் போகவில்லை. போனால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அவள் கதவைப் பார்த்துவிட்டால்?

அத்தான் ஞாயிறுதோறும் போன் செய்வார். "உன்னைப் பார்க்கணுமான்னு கேட்டேன். ஜன்னலைப் பார்த்தா" என்று ஒரு தடவை சொன்னார். "வர்ற வாரம் வரேன்" என்றேன்.

அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி வாரம் மேஜையில் எஞ்சின் முன்பக்கத்து விளக்குத் தாங்கி ஒன்று கைதவறித் தெறித்தது. அத்தான் "போச்சு" என்று சொல்லிக் கட்டிலைப் பார்த்தார். கண்கள் கூரையிலேயே இருந்தன. அவர் அதைத் தேடவில்லை. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலை அவள் போய்விட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தைத் துடைத்துத் தலைவாரி வைத்திருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. அது எல்லோருக்கும் அப்படித்தான்.

8

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அத்தான் வீட்டுக்குப் போனேன். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார். மேஜை மட்டும் அதே இடத்தில் சுவரைப் பார்த்து நின்றது. எஞ்சினுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. முன்பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் டீ போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசினோம். அப்புறம் கேட்டேன்.

"அத்தான், அவகிட்ட அதைப் பத்திக் கேட்டீங்களா?"

"எதை?"

"அன்னைக்கு நான் சொன்னதை."

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அன்னைக்கு அவ தூங்கிட்டு இருந்தா தம்பி."

 டீயைக் குடித்து முடித்தோம்.

இந்தக் கதைக்கு ஒரு வரைவில், அத்தான் சொன்னது நிஜம் என்று முடித்தேன். தம்பி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான். இன்னொன்றில் அது பொய். மனைவியை இழந்தவர் என்னைத் தேற்றுகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரியாததை எழுதினேன் என்பதால்.

ஆறாவது பகுதியை நீங்கள் திரும்பப் படித்தால், அதில் நாற்காலி இருக்கிறது, நகவெட்டி இருக்கிறது, புட்டிகள் இருக்கின்றன. அக்காவின் முகம் இல்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்த நேரம் முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பத்தியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அவள் கண்கள் மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எது எழுதினாலும் சரி, என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.