வாபஸ் வாங்க வந்த மூணு பேர்

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த அம்மாளை வார்டே 'கிளட்ச் அக்கா' என்றுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தியதில் கிடைத்த பட்டம். கத்திக் கத்தி, அவள் ரகசியம் பேசினாலும் நாலு வீடு தள்ளிக் கேட்கும். வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. பல்செட் செய்கிறவர். முன்னறை மேஜையில் ஊரார் பற்களையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, தன் வாயை மட்டும் திறக்கவே மாட்டார்.

அக்கா தேர்தலில் நிற்கப் போனதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணம் இல்லை. நாற்சந்தியில் சிக்னல் விளக்கு எரிந்து மூன்று வருஷமாகிறது. கார் பழகுகிற ஒவ்வொருவரையும் அதைத் தாண்ட வைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். வார்டு மெம்பரிடம் ஏழு தடவை மனு கொடுத்தாள். எட்டாவது தடவை அவர் பல் குத்திக்கொண்டே, "அவ்வளவு அக்கறைன்னா நீயே நின்னு ஜெயிச்சு லைட்டு போட்டுக்கம்மா" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவள் மறுநாளே வேட்புமனு தாக்கல் செய்துவிட்டாள்.

அன்று மத்தியானமே முதல் போன் வந்தது. கரகரத்த ஆண் குரல்.

"நல்லவிதமா சொல்றேன், கேட்டுக்கோ. மனுவ வாபஸ் வாங்கு. இல்லன்னா கையும் இருக்காது, காலும் இருக்காது." சொல்லி முடித்துவிட்டு 'க்கும்... க்கும்' என்று இருமினான்.

"கால் இல்லாம நான் பிரேக் எப்படிப்பா போடுறது?" என்றாள் அக்கா. போன் வைக்கப்பட்டது. அவள் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பல்செட்காரர் சிரிக்கவில்லை. அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவர் கல்யாணத்தன்றே சிரிக்காதவர்.

மூன்றாம் நாள் காலை பயிற்சிக் காரின் நாலு சக்கரத்திலும் காற்று இல்லை. கதவில் கரிய பெயிண்டால் ஒரு கெட்ட வார்த்தை. பல்செட்காரர் தன் வேலைக்கு வைத்திருந்த மெழுகு, மருந்து என்று எதையெதையோ போட்டுத் தேய்த்ததில் வார்த்தையின் முதல் பாதி மட்டும் போயிற்று. மிச்சமிருந்தது முன்னைவிட மோசமாக அர்த்தம் கொடுத்தது. ஐந்தாம் நாள் தெருக்காரர்களின் வாட்சப் குழுவில் ஒரு படம் வந்தது. யாரோ ஒருத்தியின் உடம்பு, கையில் மது பாட்டில், கழுத்துக்கு மேலே அக்காவின் தலை. அந்தத் தலை, டிரைவிங் ஸ்கூல் விளம்பரத்தில் சீட் பெல்ட்டோடு இருந்த தலை. வெட்டியவன் பெல்ட்டை விட்டுவிட்டான். அதனால் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும், குடித்தாலும் பெல்ட் போட்டுக்கொண்டு குடிக்கிற பொம்பளை என்ற எண்ணம் உண்டாயிற்று.

இதையெல்லாம்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் வீட்டையே பார்த்தபடி உட்கார்ந்ததும், கார் பழக வந்த பதினோரு பேர் இரண்டு பேராகக் குறைந்ததும்தான் உறுத்தியது. "மாமியாருக்கு உடம்பு சரியில்லக்கா" என்று ஒரே நாளில் நாலு பேர் சொன்னார்கள். அதில் ஒருவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

எட்டாம் நாள், வாபஸ் வாங்கக் கடைசி நாள். காலை ஒன்பதரைக்குக் கரகரப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை திட்டவில்லை.

"உம் பொண்ணு தினம் நாலரைக்கு ஹாஸ்டல் வாசல்ல பஸ் இறங்குதுல்ல? நீலப் பை. இன்னைக்கும் இறங்கணும்ல?"

அக்கா போனை வெட்டினாள். மகளுக்குப் போன் போட்டு, இன்று ஹாஸ்டலைவிட்டு வெளியே வராதே என்றாள். "சத்தமாச் சொல்லும்மா, கேக்கல" என்றாள் மகள். நாலு வீடு தள்ளிக் கேட்கிற குரலுக்கு அப்படி ஒரு பேச்சு வந்தது அதுவே முதல் தடவை. போனை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

"நான் போயி வாபஸ் வாங்கிட்டு வந்துடுறேங்க."

பல்செட்காரர் கையிலிருந்த கீழ்த்தாடையை மேஜையில் வைத்தார். "உன் இஷ்டம். நின்னாலும் நான் கூட இருக்கேன், நிக்காட்டியும் கூட இருக்கேன்" என்றார். வருஷத்துக்கே அவர் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

தேர்தல் அலுவலகம் மாடியில், நீண்ட வராந்தாவின் கோடியில் இருந்தது. உள்ளே அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டரைக்கு வாருங்கள் என்றான் பியூன். வாசல் பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர். ஒருவர் பேக்கரிக்காரர். இன்னொருவர், ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் ஊசி போட்டு ரிட்டயர் ஆன நர்ஸம்மா. மூவரும் அதே வார்டில் சுயேச்சைகள். அதனால் ஒருவரையொருவர் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எவ்வளவு நேரம்தான் முகத்தைத் திருப்புவது? கழுத்து வலித்தது. நர்ஸம்மாதான் ஆரம்பித்தார்.

"நீங்களும் வாபஸா?"

"சொந்த வேலை ஜாஸ்தி" என்றாள் அக்கா.

"எனக்கும் ஓவன் ரிப்பேர்" என்றார் பேக்கரிக்காரர்.

"நான் செத்துட்டேன்" என்றார் நர்ஸம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுவரெல்லாம் எனக்கு இரங்கல் போஸ்டர் ஒட்டிட்டானுங்க. மாலையோட வந்தவங்களுக்கு நானே காபி போட்டுக் கொடுத்தேன். போட்டோ மட்டும் நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நேத்து என் தங்கச்சி அத பாத்துட்டு மயங்கி விழுந்துட்டா. அதுக்கப்புறம்தான் போதும்டா சாமின்னு ஆயிடுச்சு."

பேக்கரிக்காரரின் முகம் மாறியது. "என் மாவு மூட்டையில செத்த எலி. கடைக்குள்ள தீ வைப்பேன்னு போன்."

"போன்ல எப்படி ஆரம்பிச்சான்?" என்றாள் அக்கா.

"நல்லவிதமா..."

"...சொல்றேன், கேட்டுக்கோ" என்று மூவரும் ஒன்றாக முடித்தார்கள்.

எட்டு நாளாக ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துத் தனித்தனியாகப் புழுங்கியிருந்தார்கள். பேக்கரிக்காரர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லையாம். சொல்லும்போது கண் கலங்கியது. அக்கா தன் மகளைப் பற்றிச் சொன்னாள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பழக்கத்தில் நாடியையும் பார்த்துவிட்டு, "படபடப்பா இருக்கு, தண்ணி குடிங்க" என்றார்.

அப்போதுதான் வராந்தாத் தூணுக்குப் பின்னாலிருந்து 'க்கும்... க்கும்' என்று கேட்டது.

நர்ஸம்மா விரலை உயர்த்தினார். "இந்த இருமல்தான். வறட்டு இருமல். முகம் மறந்தாலும் இருமலை மறக்கமாட்டேன்."

அக்கா சத்தம் போடாமல் போனை எடுத்து, காலையில் வந்த எண்ணை அழுத்தினாள். தூணுக்குப் பின்னால் மணி அடித்தது. "யாரு?" என்ற கரகரப்பு போனிலும் வந்தது, தூணிலிருந்தும் வந்தது.

"நான்தாம்ப்பா, காலில்லாதவ" என்றாள் அக்கா. அவள் குரல் திரும்பி வந்துவிட்டது. வராந்தாவில் இருந்த புறாக்கள் பறந்தன.

தூணுக்குப் பின்னால் இருந்தவன் மெம்பரின் மச்சான், அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. மூவரும் ஒழுங்காக வாபஸ் வாங்குகிறார்களா என்று மேற்பார்வை பார்க்க வந்திருந்தான். படிக்கட்டுப் பக்கம் நகரப் பார்த்தான். பேக்கரிக்காரர் குறுக்கே நின்றார். தினம் நூறு கிலோ மாவு பிசைகிற தோள். அவன் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு நின்றுவிட்டான். நர்ஸம்மா நெருங்கிப் போனார்.

"வாயத் திற."

என்ன காரணமோ, அவன் திறந்தான்.

"செவந்து கெடக்கு. எத்தன நாளா?"

"ஒரு வாரமா."

"ஒரு நாளைக்கு எத்தன பேர மெரட்டுற?"

"எல்லா வார்டும் சேத்தா இருபது, இருபத்தஞ்சு..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்காவின் போனில் இணைப்பு அப்படியே இருந்தது. இவள் மாணவர்களின் தவறுகளைப் பதிவு செய்து போட்டுக் காட்டுகிறவள். அதே பழக்கத்தில் இதையும் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், கறிவேப்பிலை ஒட்டிய உதடு. வம்பு என்றால் தெருவை மாற்றிக்கொண்டு போகிற ரகம். "அதெல்லாம் வெளியில வச்சுக்குங்க. வாபஸ்னா உள்ள வந்து ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க. மூணு மணிக்கு மூடிடுவேன்."

அக்கா படிவத்தை வாங்கினாள். ஊராருக்கெல்லாம் லைசென்ஸ் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள் அவள். எழுத்துக்கு எழுத்து படித்தாள். 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று இருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, மேலே 'இவருடைய வற்புறுத்தலின் பேரில்' என்று எழுதி, மச்சானிடம் திரும்பி, "உன் முழுப்பேர் என்னப்பா?" என்றாள்.

அதிகாரி பதறிவிட்டார். "அய்யய்யோ, அச்சடிச்ச ஃபாரத்துல அடித்தல் கூடாதும்மா!"

"அப்ப பொய் எழுதணுமா சார்?"

"கீழ நான் கையெழுத்துப் போடணுமே! சுய விருப்பம்னு எனக்குத் திருப்தியா இருக்குன்னு நான்ல எழுதணும்! நாளைக்கு விசாரணை வந்தா?"

"எங்களுதும் அப்படித்தான்" என்று மற்ற இருவரும் தங்கள் படிவங்களிலும் அடித்தார்கள். அதிகாரிக்கு ரவுடியைக் கண்டால் பயம்தான். ஆனால் அடித்தல் திருத்தல் உள்ள படிவத்தைக் கண்டால் அதைவிடப் பயம். மூன்றையும் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும், யாரிடமும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தார். போலீசுக்குப் போன் போட்டார். ஹாஸ்டல் வாசலுக்கும் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பச் சொன்னார். மணி மூன்று அடித்தது. வாபஸ் மூடியது. மூன்று பேரும் வேட்பாளர்களாகவே வெளியே வந்தார்கள்.

அக்கா நேரே ஹாஸ்டலுக்குப் போய், கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்ற மகளைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நிக்கிறியா இல்லையா?" என்றாள் மகள். "நீ என்ன சொல்ற?" "நீ நிக்கலன்னா நான் நிப்பேன்." அவளுக்கு வயசு போதாது. இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

மறுநாளிலிருந்து மூவரும் ஒரே காரில் பிரசாரம் செய்தார்கள், அந்தப் பாதி கெட்ட வார்த்தைக் காரில். தனியாகப் போனால்தானே மிரட்ட முடியும்? எதிரிகள் மூன்று பேர் ஒன்றாக வந்து, ஆளுக்கொரு சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பதை வார்டு அதுவரை பார்த்ததில்லை. ஒரே வீட்டில் மூவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுவார்கள். காரில் ஏறியதும் பேக்கரிக்காரர் ஆளுக்கொரு பன் கொடுப்பார். "இது லஞ்சம் இல்லியே?" என்று நர்ஸம்மா கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளை அதற்கப்புறம் காணோம்.

இந்த நேரத்தில் மெம்பர் ஒரு காரியம் செய்தார். கைதானவனைப் பற்றி நிருபர்கள் கேட்டபோது, "அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். டி.வி.யில் வந்தது. தன் சொந்தத் தம்பியைத் தெரியாது என்று அவர் சொன்னதைக் கேட்ட மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். காவலில் இருந்த மச்சானுக்கும் செய்தி போயிற்று. "தெரியாதாமே! அவரு கல்யாணத்துல மாப்பிள்ளத் தோழனே நான்தான்!" என்று கொதித்தவன், யார் சொல்லி, யாருக்கு, எத்தனை போன் என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்துவிட்டான். மெம்பர் மீதும் வழக்குப் பதிவாயிற்று. மச்சானையே தெரியாதவருக்கு நம்மை எங்கே தெரியப்போகிறது என்று வார்டு பேசிக்கொண்டது.

ஓட்டு எண்ணினார்கள். நர்ஸம்மா ஜெயித்தார். பேக்கரிக்காரர் இரண்டாவது. அக்கா அறுநூற்றுப் பன்னிரண்டு வாங்கி மூன்றாவது. மெம்பர் அவளுக்கும் கீழே. அக்கா நர்ஸம்மாவுக்குச் சால்வை போட்டாள், சிரித்தாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பொறாமைதான். இரண்டு நாள் காரை வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பல்செட்காரர் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அறுநூத்திப் பன்னெண்டு பேர்" என்றார்.

"தோத்துட்டேன், சொல்லிக் காட்டாதீங்க."

"அந்தப் படத்தையும் கார்க் கதவையும் பாத்த பிறகும் உன் பக்கம் நின்ன ஆளுங்க, அறுநூத்திப் பன்னெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போய்விட்டார்.

அக்கா காபியைக் குடித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தயிர் வாங்கிக்கொண்டு போன ஒருத்தி தலையாட்டினாள். சைக்கிளில் போன கிழவர் ஒருவர் ஓரமாகச் சிரித்தார். இஸ்திரிக் கடைக்காரர், இவளைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆள், இன்றைக்கும் சுளித்தார். இதில் அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் யார் யாரோ? தெரிய வழியே இல்லை. அதனால், முகம் சுளித்தவர் உட்பட எல்லோருக்கும் அவள் பெரிய குரலில் வணக்கம் சொல்லிக்கொண்டே போனாள்.