ஊமையாய்ப் போன கார்

கார் கொட்டகையில் கடலைக்காய் மூட்டை அடுக்கப் போகிறேன் என்று ஆறுச்சாமி சொன்னபோது அவன் அம்மா பழனாத்தாள் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கொடுத்தாள். கார் கைமாறிப் போய் நாலு வருஷம். அதை ஆசையாய் வைத்திருந்த அவள் வீட்டுக்காரர் பொங்கியண்ணனும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டகைக்கு மட்டும் இன்னும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தது. வடகரப்பதியில் யாருக்கு வழி சொன்னாலும் கார் கொட்டகை வீடு என்றுதான் சொன்னார்கள்.

ஒட்டடை அடிக்கும்போது விட்டத்துச் சந்திலிருந்து ஒரு துணிமுடிச்சு விழுந்தது. பிரித்தால் உள்ளே பித்தளைக் குழல், முக்கால் சாண் இருக்கும். ஒரு முனையில் மரை, உள்ளே மெல்லிசாக ஒரு தகடு. காரைச் சேர்ந்த சாமான்தான், சந்தேகமில்லை. சுற்றியிருந்தது அவர் காரைத் துடைக்க வைத்திருந்த சிவப்புத் துண்டு. ஆனால் காரில் எந்த இடத்துச் சாமான்? பெட்ரோல் போகிற குழாய் என்றான் ஆறுச்சாமி. நடுவில் தகடு இருந்தால் பெட்ரோல் எப்படிப் போகும் என்று அவள் கேட்டதற்கு, உனக்கென்ன தெரியும் என்றான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் காட்டினான். சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கிற பம்பின் உறுப்பு என்றார். பாத்திரக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கிடைத்ததிலேயே தெளிவான பதில் அதுதான்.

பழனாத்தாளுக்குக் குழலைவிட அந்த முடிச்சுதான் உறுத்தியது. எதையும் போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிற மனுஷன், இதை மட்டும் ஏன் துணியில் முடிந்து, ஏணி வைத்தாலொழிய எட்டாத சந்தில் செருகினார்?

சந்தைக்குப் போனவன் இன்னொரு சேதியும் கொண்டுவந்தான். வீட்டுக் கிழட்டு மயிலைக்காளையை விற்கப் பேசிவிட்டானாம். மாட்டுத் தரகர் அப்புசாமி காலையில் வருகிறாராம்.

வைத்துக்கொள்ளலாமே என்று ஒரே ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்கும்மா? ஒழவுக்கும் ஆகறதில்ல, வண்டிக்கும் ஆகறதில்ல. இருக்கற தீனி எளமாட்டுக்கே பத்தல."

அவன் சொன்னதில் பொய்யில்லை. மழை ஏமாற்றிவிட்டது, சோளத்தட்டுப் போர் பாதிக்கு இறங்கிவிட்டது. மாடு போகக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

இளவயதில் மயிலை காருக்கல்லவா வேலை பார்த்தது? அந்தக் கார் காலையில் லேசில் கிளம்பாது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவருக்குத் தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம். கடைசியில் மயிலையின் கழுத்தில் சாக்கைச் சுற்றி, வடம் கட்டி, வாசல் சரிவில் இழுக்கவிட்டார். நாலு எட்டு வைப்பதற்குள் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வடத்தை உருவியதும் மயிலை தானாக இடதுபக்கம் ஒதுங்கிக் காருக்கு வழிவிடும். நாளாக ஆக, ஆள் போய் ஓட்டிவர வேண்டியதுகூட இல்லை. அவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கினால் போதும், கட்டுத்தரையிலிருந்து தானே வந்து காருக்கு முதுகைக் காட்டி நின்று கழுத்தைத் தாழ்த்தும். பொங்கியண்ணன் காருக்கு நாலு சக்கரம், நாலு கால் என்று ஊரே கேலி பேசியது. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் அமுக்குவார்.

காலையில் அப்புசாமி தோளில் புதுக்கயிறோடு வந்தார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி, அச்சாரமும் கொடுத்தாயிற்று. மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கிற வழக்கமில்லை. பழைய கயிறு வீட்டோடு நிற்கும், வாங்குகிறவர் தன் கயிற்றைப் போடுவார். போட்டுவிட்டால் அது இந்த வீட்டு மாடில்லை.

அதைப் பார்க்கத் தெம்பில்லாமல், வந்தவருக்குக் காப்பி வைக்கிற சாக்கில் பழனாத்தாள் உள்ளே போய்விட்டாள். விறகு ஈரம். ஒரே புகை. ஊதாங்குழல் விரிந்துபோய்க் காற்று பக்கவாட்டில் ஓடியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடக்குழியைத் துழாவினாள். சந்தையிலிருந்து திரும்பி வந்து அங்கே கிடந்த பித்தளைக் குழல் கையில் பட்டது. குழலென்றால் ஊதத்தானே என்று வாயில் வைத்து அடுப்பைப் பார்த்து ஊதினாள்.

அடுப்பு எரியவில்லை. கார் கத்தியது.

சத்தம் கொஞ்சம் கம்மி, ஆனால் ஹாரனின் அதே குரல். வெளியே குளம்புச் சத்தமும் அப்புசாமி அதட்டுவதும் கேட்க, குழலும் கையுமாக எழுந்து ஓடினாள்.

பழைய கயிறு ஆறுச்சாமி கையில் இருந்தது, புதுக்கயிறு இன்னும் அப்புசாமி தோளிலேயே தொங்கியது. மயிலை கொட்டகை வாசலில் மூட்டைகளுக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் தாழ்த்தி நின்றது. வடம் கட்ட ஆள் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

கார் போன நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வாங்க வந்த கோயமுத்தூர்க்காரர் ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. எங்கேயோ பழுதாகிவிட்டது என்று பொங்கியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கார் ஊமையாய் ஊரைத் தாண்டிப் போனது. மயிலை தலைநிமிராமல் தட்டுத் தின்றுகொண்டிருந்தது.

"இது ஹாரனோட நாக்கு, கண்ணு," என்றாள். "உங்கய்யன்தான் கழட்டி ஒளிச்சு வெச்சிருக்கறாரு. கார் கத்திக்கிட்டே போனா இதும் கயித்த அத்துக்கிட்டுப் பின்னாலயே போயிருமுன்னு."

ஆறுச்சாமி மாட்டையே பார்த்தான். சின்ன வயசில் அப்பனுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அமுக்க அடம்பிடித்தவன்தானே அவனும். அப்புசாமி தொண்டையைச் செருமினார்.

"காலுல தெம்பு இன்னும் இருக்குதுங்க தம்பி. வேணுமின்னா கொஞ்சம் சேத்துத் தர்றனுங்க."

ஆறுச்சாமி அச்சாரத்தை எடுத்து அவர் கையில் வைத்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க. இது எங்கூட்டு மாடுங்க."

மயிலை மட்டும் நகரவில்லை. தட்டினார்கள், கூப்பிட்டார்கள், நின்ற இடத்திலேயே நின்றது. ஆறுச்சாமி உள்ளே போய் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த வடத்தைத் தேடி எடுத்து வந்தான். கழுத்தில் சாக்கைச் சுற்றிக் கட்டி, மறுமுனையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மயிலை மூச்சை இழுத்துக்கொண்டு சரிவில் நாலு எட்டு இழுத்தது. அவன் பின்னாலேயே இழுபட்டுப் போய், வடத்தை உருவினான்.

மயிலை இடதுபக்கம் ஒதுங்கி வழிவிட்டு நின்றது. பழனாத்தாளும் தன்னையறியாமல் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள்.