வெள்ளித் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்

கலியாணசுந்தரம் நாற்பது வருஷம் பட்டுக்குச் சாயம் போட்டவர். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் தோய்த்த அரக்கு எத்தனை துவைப்புக்கும் அசையாது. மனைவி போன பிறகு வீட்டில் அவரும் அவருடைய இருமலும்தான். இருமலுக்குப் பயந்து தெருக்காரர்கள் எட்டி நின்று பேசினார்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றது.

பெங்களூரிலிருந்து மகள் கமலவேணி ஞாயிறுதோறும் போன் செய்வாள். "இருமல் நிக்கட்டும்பா. கைக்கொயந்த இருக்குற வூடு. நின்னதும் நானே வந்து இட்டுக்கினு போறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும். ஏதோ ஒரு வைத்தியப் புத்தகத்தில் போட்டிருந்தது: மூன்று பேட்டரி, இரண்டு வெள்ளிக் கம்பி, சுத்தமான தண்ணீர். கரண்ட் ஓடினால் வெள்ளி தண்ணீரில் இறங்கும், குடித்தால் எந்த நோயும் ஓடிப்போகுமாம். மனைவியின் கொலுசை நறுக்கி, நிமிர்த்தி, டம்ளரில் தொங்கவிட்டார். தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும் என்றது புத்தகம். சாயக்காரர் ஒப்புவாரா? நிறம் ஏறாத தண்ணீர் அவருக்கு வேலைக்கு ஆகாத தண்ணீர். பேட்டரியைக் கழற்றிவிட்டு ரேடியோவைக் கரண்டில் ஓட்டும் எலிமினேட்டர் இரண்டைச் சேர்த்துக் கட்டினார். சாயத்தொட்டிப் பழக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பும் போட்டார். தண்ணீர் கலங்கிக் கறுத்தது.

"ஆங், இப்ப புடிச்சுது!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேளைக்கு ஒரு டம்ளர், ஒன்றரை வருஷம்.

நகம் நீலமாயிற்று. பழைய சாயம் என்று விட்டுவிட்டார். முகம்? ரசம் போன கண்ணாடி எதைத்தான் சரியாகக் காட்டியது! பார்த்தவர்களோ, நோய் முற்றிவிட்டது என்று இன்னும் எட்டிப் போனார்கள். என்னவென்று கேட்க ஒரு நாதியில்லை.

இருமல் நின்றது. அதுவாகவே நின்றதோ என்னவோ, பாவம், மனுஷன் சின்னப்பிள்ளை போலத் துள்ளினார். போனில் சொன்ன கையோடு பெட்டியையும் கட்டிவிட்டார்.

கமலவேணி குழந்தையோடு வந்தாள். வாசல் வெயிலில் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாப்பா இது, மூஞ்செல்லாம் ஈயமாட்டம்?"

பேரனைத் தூக்கக் கையை நீட்டினார். அது வீலென்று கத்தித் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அன்றே டாக்டரிடம் போனார்கள். வெள்ளி தோலில் இறங்கிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் நிறம் போகாது என்றார் அவர்.

"கொயந்த கொஞ்சம் பெருசாவட்டும்பா," என்றாள் கமலவேணி, அழுதுகொண்டே. "அப்பறம் வந்து இட்டுக்கினு போறேன்." சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

கலியாணசுந்தரம் கட்டிய பெட்டியைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார். சவுக்காரத்தைக் குழைத்து முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தார். பிறகு, பட்டில் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பதுபோல, வெள்ளைத் துண்டால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார்.

துண்டு வெள்ளையாகவே இருந்தது. போகாத சாயத்தைப் பார்த்து அவர் முதல் முறையாக அழுதார்.