முழங்காலுக்குக் கிடைத்தது

ஸ்வெலிபான்சி எங்கள் குடியிருப்பிலிருந்து டவுனுக்கு வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். போன குளிர்காலத்தில், ம்தாதா சாலையில் வேன் நிறைய ஆட்களோடு போகும்போது, அவருக்கு முதல் தடவையாக வலிப்பு வந்தது. அறுத்துப் போட்ட சோளக்காட்டுக்குள் வேன் இறங்கி நின்றது. உயிர்ச்சேதம் எதுவுமில்லை. ஆனால் அதன் பிறகு எந்த முதலாளியும் அவரிடம் சாவியைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார். அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. வராத நாட்களில் ஆளைப் பார்த்தால் கூரைத் தகரத்தை ஒற்றைக் கையால் தூக்குவார் போலிருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று.

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப் போடச் சொன்னது கிளினிக் நர்ஸ். டவுனிலுள்ள உதவித்தொகை அலுவலகத்தில், அங்கே வரும் டாக்டரைப் பார்க்க ஒரு தேதி கொடுத்தார்கள். அன்று காலை அவரும் மனைவி நோக்வாண்டாவும் போய் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறியது. அவருக்கு முன்னால் இரண்டு பேர்தான் பாக்கி. அப்போது கண் செருகி, வாசல் இரும்புக் கம்பியில் முழங்கால் அடிபட, அப்படியே சாய்ந்தார். வரிசையே அலறியது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குத் தையல் போட்டார்கள்.

மறுநாள் நோக்வாண்டா அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வரலைன்னு போட்டிருக்கே."

"வரலையா? உங்க வாசல்லதானம்மா விழுந்தாரு! நீயே ஓடி வந்து தண்ணி தெளிச்ச!"

"தெளிச்சேன்க்கா. இல்லேங்கல. ஆனா பேரு கூப்பிட்டப்போ உள்ள வரலையே."

நோக்வாண்டாவுக்கு எந்தப் பக்கம் சண்டை போடுவதென்றே புரியவில்லை. புதுத் தேதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது முறை டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். இளவயது டாக்டர், அவசரக்காரர்.

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்."

"அப்போ வலிப்பு கட்டுக்குள்ள இருக்கு."

"இல்லீங்க, போன தடவ இங்கயே வந்துது."

"யாரு பார்த்தா?"

"எல்லாரும் பார்த்தாங்க."

"டாக்டர் யாராவது?"

ஸ்வெலிபான்சி மனைவியைப் பார்த்தார். அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். அதில் முழங்கால் காயம், தையல் என்று மட்டும் இருந்தது. டாக்டர் கால்சட்டையை மேலே தூக்கச் சொல்லி, கட்டின் மேல் அழுத்தினார். ஸ்வெலிபான்சி "ஆ!" என்று கத்தினார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு நிறைய எழுதினார்.

முடிவு வருவதற்குள் தையல் பிரித்து, புண்ணும் ஆறிவிட்டது. அலுவலகத்துப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "கெடச்சிருக்குப்பா. ஆறு மாசத்துக்கு. வலது முழங்கால், நடக்கச் சிரமம்."

"வலிப்புக்கு இல்லையாம்மா?"

"அதுக்கு இல்லேன்னுட்டாங்க."

"என் காலு சரியாயிடுச்சே. வலிப்புதான் அப்படியே இருக்கு. நேத்துகூட வந்துது."

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா இது நின்னுரும். மறுபடி மொதல்லேருந்து வரணும். எழுதவா?"

நோக்வாண்டா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "வா ராடெபே, போலாம்." கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவள் அவரைக் குலப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து கேட்டார்: "இனிமே நான் நொண்டணுமா?"

"எனக்கென்ன தெரியும்? டவுனுக்கு வர்றப்போ மட்டும் கொஞ்சம் நொண்டு."

"பொய்யில்லையா அது?"

"உனக்கு ஒடம்பு சரியில்லைங்கறது பொய்யா?"

அவர் வேன் நிறுத்தம் வரைக்கும் நடந்தார். பாதித் தூரம் நொண்டினார். பாதித் தூரம் மறந்துபோனார்.

வேனை ஓட்டிய பையன் முன்பு அவரிடம் நடத்துனராக இருந்தவன். "என்ன அண்ணே, கெடச்சுதா?"

"கெடச்சுது. முழங்காலுக்கு."

வேன் முழுக்கச் சிரித்தது. "அப்போ அடுத்த வாட்டி தலையில அடிபட்டுக்கோ அண்ணே, வலிப்புக்குக் குடுப்பாங்க!" என்றான் பையன். அவரும் சிரித்தார். நோக்வாண்டா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு, பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் முன்னால் குனிந்தாள். அவள் மடியில், தலை நிற்காத, வளர்ந்த மகன் ஒருவன் சாய்ந்திருந்தான்.

"அண்ணே, எந்த டாக்டரப் பார்த்தீங்க? இவனுக்கு ரெண்டு தடவ இல்லேன்னு அனுப்பிட்டாங்க. என்ன சொன்னா குடுக்கறாங்க?"

ஸ்வெலிபான்சி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சொல்ல வாயைத் திறந்தார். முதலில் விழுந்ததைச் சொல்வதா, கத்தியதைச் சொல்வதா என்று யோசித்தார்.

"எனக்கே தெரியலம்மா," என்றார் கடைசியில். "ஆனா நீ போறப்போ சொல்லு, நானும் கூட வர்றேன்."