வயலெட் தைலம் பூசிய முகம்

எங்கள் ஊரில் பாட வருகிற ஒருவனைக் கொல்வது என்று முடிவாகிவிட்டால், முதலில் அவனுக்கு நல்ல சவரம் செய்துவிடுவார்கள். பயப்படாதீர்கள் கண்ணுகளா, கத்தியால் கொல்வதில்லை. விசிலால்தான்.

போ என்கிற நதியின் கரையில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பன்றித்தொடைக்கு உப்புப் போட்டுப் பதப்படுத்துவதும் ஓபரா என்கிற பாட்டு நாடகம் கேட்பதும்தான் இங்கே ஆண்களின் வேலை. தியேட்டரின் உச்சியில், மலிவு டிக்கெட் வாங்கி நெருக்கியடித்து உட்காரும் மேல்மாடத்து ஆட்களுக்கு, போப்பாண்டவரைவிடத் தங்கள் காதின்மேல்தான் நம்பிக்கை அதிகம். அவர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்ட பாடகனைப் பெரிய ஊர்களில் கூப்பிடுவார்கள். அவர்கள் விசிலடித்துத் துரத்தியவனைக் கல்யாண வீட்டுக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

அந்த மேல்மாடத்துக்குத் தலைவன் எர்மெஸ். தியேட்டருக்கு எதிரே சவரக்கடை வைத்திருந்தான். யாரை ஏற்பது, யாரைத் துரத்துவது என்பதெல்லாம் அவன் கடை நாற்காலிகளில்தான் தீர்மானமாகும். துரத்துவது என்று முடிவானவனுக்கு மட்டும் 'பெரிய சவரம்'. அதற்குக் காசு கிடையாது. எல்லாம் முடிந்தபின் மேல்தட்டிலிருந்து வயலெட் பூத் தைலத்தை இறக்கி முகத்தில் தடவுவான். அந்த வாசனையோடு ஒருவன் தெருவில் நடந்து போனால், ரொட்டிக்கடைக்காரிக்குக்கூடத் தெரிந்துவிடும், இன்றிரவு இவன் கதை முடிந்ததென்று. தெரியாதது அவன் ஒருவனுக்குத்தான். அதை யாரும் சொல்லவும் மாட்டார்கள். வேடிக்கையைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

எலியோ த்ரிங்காலி சிசிலித் தீவிலிருந்து வந்தான். வலை பின்னுகிறவரின் மகன். எங்கள் தியேட்டரில்தான் அவனுக்கு முதல் பெரிய வேஷம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருபது வருஷமாகப் பாடிவந்த வேஷம் அது. அவருக்குத் தொண்டை போய்விட்டது என்று நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டு இவனைக் கொண்டுவந்தது. அது போதாதா? வியாழக்கிழமையே எர்மெஸ் கடையில் பேசி முடித்துவிட்டார்கள். அதுவரை அவன் பாடி இவர்களில் ஒருவனும் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை, பன்றித்தொடைக்கு உப்புப் போடுகிற நெல்லோ போய் விடுதியிலிருந்து அவனை அழைத்து வந்தான்.

"உக்காருங்க மேஸ்ட்ரோ. நம்ம ஊருக்குப் புதுசாப் பாட வர்றவங்களுக்கு எர்மெஸ் அண்ணன் கையால ஒரு சவரம். மரியாதை."

"என்னப் போய் மேஸ்ட்ரோங்கறீங்களே," என்று எலியோ கூச்சப்பட்டான். "நான் எழுந்ததும் பச்சத்தண்ணியில வழிச்சுட்டுப் போற ஆளு."

"தெரியுது. மீனுக்குச் செதில் எடுத்த மாதிரியில்ல இருக்கு கன்னம்."

எல்லோரும் சிரித்தார்கள். எலியோவும் சிரித்தான். தன்னைத் தங்களில் ஒருவனாக எண்ணித்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

எர்மெஸ் நாற்காலியைப் பின்னால் சாய்த்தான். வெந்நீரில் பிழிந்த துண்டை மூக்கு மட்டும் தெரியும்படி முகத்தில் சுற்றினான். துண்டு ஆறியதும் இன்னொன்று. பிறகு பாதாம் சோப்பைக் கிண்ணத்தில் போட்டு, மெத்தென்ற ரோம பிரஷ்ஷால் நுரை அடிக்க ஆரம்பித்தான். அவசரமே இல்லை. கடையில் அந்தச் சத்தம் மட்டும்தான்.

துண்டுக்குள்ளிருந்து எலியோ பேசினான். "இப்படி ஒரு சுகம் இருக்குன்னு தெரியாமலே இத்தன வருஷம் போயிடுச்சே."

"கடைசியிலயாவது தெரிஞ்சுக்கிட்டீங்களே," என்றான் நெல்லோ. சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்தவர்களைப் பார்த்து, சவப்பெட்டிக்குள் கிடப்பவனைப் போல நெஞ்சின்மேல் கையை மடித்துக் கண்ணை மூடிக் காட்டினான். ஒருவன் சிரிப்பை அடக்கமுடியாமல் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

எர்மெஸ் கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தான். இடது கையால் தாடையை நிமிர்த்திப் பிடித்தான்.

"தொண்டை, சிஞோர். கொஞ்சம் பாத்து," என்றான் எலியோ.

"என் கத்தி உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது தம்பி."

அது உண்மைதான். ஒரு கீறல் விழவில்லை. மயிர் சாய்ந்த பக்கம் ஒருமுறை, எதிர்ப்பக்கம் ஒருமுறை, நடுவில் மறுபடி நுரை. குளிர்ந்த துண்டு ஒற்றி, படிகாரக் கல்லை உருட்டி, புருவத்தைச் சீவி, காதோரத்து மயிரைக்கூட எடுத்துவிட்டான். கண்ணாடியில் தன்னைப் பார்த்த எலியோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயந்துக்கிட்டேதான் வந்தேன் சிஞோர். தெக்கத்தி ஆள்னா துரத்திடுவாங்கன்னு ரயில்லயே சொன்னாங்க. இங்க வந்து பாத்தா..."

எர்மெஸ் மேல்தட்டிலிருந்து சீசாவை எடுத்தான். அந்த நேரம் அவன் கை கொஞ்சம் தயங்கியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தயங்கவில்லை. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, இரண்டு கன்னத்திலும் கழுத்திலும் தாராளமாகவே பூசினான்.

சாயங்காலம் தியேட்டரில், கூடப் பாடுகிற லியா மேடை உடுப்பில் வந்து பக்கத்தில் நின்றாள். மூச்சை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்ல வாசனை, இல்ல?" என்றான் எலியோ.

"ரொம்ப நல்ல வாசனை," என்றாள் லியா. இந்த ஊரில் அவளும் அடுத்த வருஷம் பாடவேண்டும்.

முதல் அங்கத்தில் மேல்மாடம் மூச்சுவிடவில்லை. இரண்டாவது அங்கத்திலும் அப்படியே. அதுதான் அவர்கள் முறை. ஆளை நம்பவைத்து, கடைசி உச்ச ஸ்வரம்வரை ஏறவிட்டு, அங்கிருந்துதான் தள்ளுவார்கள். "கேக்குறாங்க லியா," என்று திரைக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான் எலியோ. "எப்படிக் கேக்குறாங்க பாத்தியா?"

கடைசிப் பாட்டு வந்தது. மேலே எல்லார் கையிலும் வீட்டுச்சாவி. துளையுள்ள சாவியை உதட்டில் வைத்து ஊதினால் காது கிழியும். எலியோ அந்த ஸ்வரத்தை எடுத்தான். எட்டிப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்த ஒன்றைத் திரை விலக்கிக் காட்டுவதுபோல எடுத்தான். அது நின்றது. நின்றபடியே மெலிந்தது, மறுபடி விரிந்தது. நெல்லோ உதட்டிலிருந்து சாவியை எடுத்துவிட்டான்.

"அண்ணே," என்றான் ரகசியமாக. "இத எப்படிண்ணே..."

எர்மெஸின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே சொன்னான்: "சவரம் பண்ணியாச்சுடா."

ஸ்வரம் முடிந்ததும் முதலில் ஊதியது அவன்தான். பிறகு மேல்மாடம் முழுக்க ஊதியது. எலியோ கை இரண்டையும் பாதி விரித்தபடி நின்றான், வணக்கம் சொல்ல ஆரம்பித்தவன் அதை எப்படி முடிப்பதென்று தெரியாதவனைப் போல. "மீன் விக்கப் போடா" என்று யாரோ கத்தினார்கள். திரையை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை ரயிலுக்குப் போகிற வழியில் எலியோ கடைக்கு வந்தான். எர்மெஸும் நெல்லோவும் வழக்கமான இன்னும் இருவரும் இருந்தார்கள்.

"இந்த ஊர்ல எங்கிட்ட அன்பா நடந்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான் சிஞோர்," என்றான். "அதான் உங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன். நேத்து நீங்க மேலதான இருந்தீங்க? அந்தக் கடைசி ஸ்வரம் என் காதுக்குச் சரியாத்தான் பட்டுது. விசில் வந்தா வரட்டும், அதப் பத்திக் கவலயில்ல. அது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்க."

எர்மெஸ் வாரில் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தான். சரி என்றால் அடுத்த கேள்வி வரும், பிறகு ஏன் துரத்தினீர்கள் என்று. நெல்லோ பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சு தம்பி," என்றான் எர்மெஸ்.

"இறங்கிடுச்சா?"

"மயிரிழைதான். ஆனா இறங்கிடுச்சு."

எலியோ தலையை ஆட்டினான். தன் காதை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், அதில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல. "உண்மையச் சொன்னீங்க," என்றான். "வேற யாரும் வாயே தொறக்கல. ரொம்ப நன்றி." எர்மெஸின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு, மஃப்ளரைக் கழுத்தில் சுற்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனான். எந்தப் பாடகனும் அப்படிப் போகமாட்டான்.

விசில் வாங்கியவர்கள் திரும்ப எழுந்ததுண்டு கண்ணுகளா. தன் காதை நம்பாதவன் எப்படி எழுவான்? எலியோ அதன்பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. தன் தீவின் மெசினாத் துறையில் படகு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான் என்று அங்கே போய்வந்தவர்கள் சொன்னார்கள். எத்தனை பேர் கேட்டும் பாடமாட்டேன் என்றானாம்.

எர்மெஸ் நெடுங்காலம் இருந்தான். கடையில் பாடகர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவன் நுரைப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவான்.

"நீங்கல்லாம் என்னத்தடா கேட்டீங்க? ஒரு சிசிலிக்காரப் பையன் வந்தான். அவன் எடுத்தானே ஒரு ஸ்வரம், அப்படி ஒண்ண நான் அதுக்கு முன்னயும் கேக்கல, அப்புறமும் கேக்கல. அந்தத் தொண்டைக்கு இந்தக் கையாலதான் சவரம் பண்ணேன்."

சொல்லிவிட்டுக் கையை விரித்துக் காட்டுவான். நாற்காலியில் இருப்பவர்கள் எட்டி அந்தக் கையை மரியாதையோடு பார்ப்பார்கள்.