யோகேஸ்வரியின் பதினோராவது ஓவியம்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது. குளுவாங் நகரத்தில் கல்யாணம், காதுகுத்து என்று படமெடுத்துப் பிழைக்கும் என்னிடம் ஓர் ஓவியக் கண்காட்சியைப் பதிவு செய்து தரச் சொன்னார்கள். பன்னிரண்டு ஓவியங்கள். வரைந்தவர் யோகேஸ்வரி, பத்து பாகாட் என்ற ஊரில் துணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். ‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த’ — வேண்டாம். மழை பிறகுதான் வந்தது. கண்காட்சி முடிந்த மூன்றாம் வாரம், ஓவியங்களை அடுக்கி வைத்திருந்த கிடங்கில் இடுப்பளவு வெள்ளம். ஒன்றும் தேறவில்லை.

மறுநாள் யோகேஸ்வரி என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, மத்தது போனா போவுது லா. நீங்க எடுத்ததுல தர்ஷனா படம் மட்டும் இருக்கா பாருங்க.”

தர்ஷனா அவருடைய மகள். பதினான்கு வயதில் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். பதினோராவது ஓவியம் அவள்தான்.

3

இருநூற்றுப் பதினான்கு படங்கள் எடுத்திருந்தேன். எல்லாம் பொன்னாடை போர்த்தும் படங்கள்.

[நம் நிகழ்ச்சிகளில் பொன்னாடையைத் தவறவிட்டவனை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓவியத்தைத் தவறவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். சாக்குச் சொல்கிறேன், தெரிகிறது.]

ஒவ்வோர் ஓவியத்தின் முன்னாலும் பொன்னாடையோடு ஒரு பிரமுகர். பதினோராவதின் முன்னால் ஒரு டத்தோ, அரசுப் பட்டம் வாங்கியவர். நான்தான் நிறுத்தினேன்.

“டத்தோ, இங்க நில்லுங்க. வெளிச்சம் நல்லா இருக்கு.”

அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் ஓவியத்தில் அவள் காலில் போட்டிருக்கும் ஒரு வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து தெரிகிறது. தர்ஷனாவில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

4

கதையின் முடிவு ஒன்று: மெமரி கார்டு கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்கிறேன். அவர் நம்பிவிடுகிறார். அதை எழுதக் கை கூசியது.

முடிவு இரண்டு: நண்பன் தீபன் கணினியில் டத்தோவை நீக்கிவிட்டு, பள்ளிப் புகைப்படத்திலிருந்து தர்ஷனாவின் முகத்தை எடுத்துப் பொருத்துகிறான். நன்றாகவே —

இதையும் விட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். யோகேஸ்வரியிடம் உண்மையைச் சொல்லி, அந்தப் படத்தைக் காட்டினேன். தீபனை விட்டு முகத்தைப் போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டேன். இந்த இடத்தில் அவரை அழவைக்க நினைத்திருந்தேன். அவர் அழவில்லை.

“அவ மொகம் எனக்குத் தெரியாதாண்ணே? போட்டோ வீட்டுல நெறைய இருக்கு. நான் எப்படி வரைஞ்சேன்னுதான் மறந்துபோச்சு. ரெண்டு வருசம் வரைஞ்சேன். இப்போ ஒக்காந்தா கை வர மாட்டேங்குது.”

5

கண்காட்சி நடந்த சனிக்கிழமை, கூட்டம் சாப்பிடப் போனபோது மண்டபம் காலியாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் போதும், பன்னிரண்டையும் எடுத்திருக்கலாம். எனக்கும் பசித்தது. போய்விட்டேன்.

அதனால் முடிவு என்னிடம் இல்லை. அந்தச் சனிக்கிழமை நீங்கள் வந்திருந்தால், கைபேசியில் அந்தச் சுவரை எடுத்திருந்தால், கொஞ்சம் தேடிப் பாருங்கள். கோணலாக இருக்கலாம், மங்கலாக இருக்கலாம். எனக்கு அனுப்ப வேண்டாம். நேராக யோகேஸ்வரிக்கே அனுப்பிவிடுங்கள்.